மஞ்சத்தண்ணி குடித்த வண்டி

நேற்றுக் காலையில் உங்கள் காரைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை வியாபாரம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சொந்தக் கார் இருந்தால் கௌரவம் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கொட்டகைக்குள் நுழைந்து, கோழி எச்சத்தைத் துண்டால் தட்டிவிட்டு, சுற்றிச் சுற்றி வந்தார். இஞ்சின் இறுகிப்போன வண்டி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அதுக்கு இன்னாக்கா? வேற இஞ்சின் போட்டுக்கலாம். பாடி கெட்டியா கீது" என்றார். அப்புறம் முன்பக்கத்து மூடியைத் திருகித் திறந்து, ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார்.

தண்ணீர் உள்ளே நிற்கவில்லை. அடியில் மண்ணில் சொட்டியது. மஞ்சளாகச் சொட்டியது. கூடவே அந்த வாசனையும் எழுந்தது. இத்தனை வருஷமாக நம் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழையாத வாசனை கொட்டகைக்குள் கும்மென்று ஏறியது. அவரோ சொட்டிய தண்ணீரை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக நின்றார். "மஞ்சத்தண்ணி! பூஜ போட்ட வண்டியாக்கா இது? நல்ல சகுனந்தான்" என்றார்.

செங்கல்பட்டில் இதே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களும் இதைத்தான் சொன்னீர்கள்.

எழுதத் தெரிந்தவள் பெண்டாட்டி, ஓட்டத் தெரிந்தவன் புருஷன், நல்ல ஜோடிதான் என்று ஊரில் நம்மைக் கேலி செய்வார்கள். நீங்கள் போன பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதி யாருக்குப் படித்துக் காட்டுவது? நேற்று அந்த வாசனை வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கேட்க முடிந்தால் கேளுங்கள்.

சவுக்கு விறகைக் கால்வாய்ப் படகில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புகிறவனுக்குக் கார் எதற்கு என்று அப்போது கேட்காதவர்கள் இல்லை. பெரிய மனுஷனாகப் பார்க்கிறான் என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். உங்கள் அக்கா தலைப்பிரசவத்துக்குக் கட்டை வண்டியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனார். அந்த வண்டியை ஓட்டியவர் நீங்கள். மாட்டை அடித்து அடித்துக் கை வீங்கிப்போனதாக உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார், நீங்கள் சொன்னதில்லை. நம் மகள் பூங்காவனத்தைக் கருங்குழியில் கட்டிக்கொடுத்து, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? பஸ்தான் ஓடுகிறதே என்று நான் சொன்னதற்கு, "பஸ்சு நமக்காவ வாசல்ல நிக்குமா மே? எம் பொண்ணு மாட்டு வண்டியில போவ மாட்டா" என்றீர்கள்.

கார் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். காகிதம் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டீர்கள். தைரியத்துக்குத்தான் கூப்பிட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் தரகர் இரண்டு பழைய இங்கிலீஷ் கார்களை வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிற மாதிரியே நீங்கள் இரண்டையும் சுற்றி வந்தீர்கள். பின்பக்கத்தைத் தட்டினீர்கள். குனிந்து வயிற்றுக்கடியில் பார்த்தீர்கள். பல் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று நான் சொன்னதற்குத் தரகர்கூடச் சிரித்தார்.

கறுப்பு வண்டியின் மூடியைத் தரகர் திறந்தார். உள்ளே தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. இரும்புத் துரு கலந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும், அதில் ஒரு கேடும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அன்று நீங்கள் சட்டென்று பின்வாங்கினீர்கள். "இன்னாயா, ரத்தம் மாதிரி கீது? புள்ளதாச்சி ஏறப்போற வண்டி" என்றீர்கள். அப்புறம் பச்சை வண்டியின் மூடி திறந்தது. உள்ளே மஞ்சள் தண்ணீர். முகூர்த்த வீட்டு அண்டா மாதிரி மணத்தது. தரகர் கண்ணிமைக்காமல், "இந்த ஓனரு வண்டிய வூட்டு லச்சுமி மாதிரி வெச்சிருந்தாருங்க. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம பூஜ போட்டு மஞ்சத்தண்ணி ஊத்துவாரு" என்றார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "மங்களம் மே. சகுனம் சொல்லிடுச்சி" என்றீர்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மஞ்சள் தண்ணீரைத் தாலிக்கயிற்றுக்கும் தெளிக்கிறோம், ஆடி மாசத்தில் அம்மன் கோயிலில் வெட்டப்போகிற ஆட்டுக்கும் தெளிக்கிறோம். தெளித்ததும் ஆடு தலையைச் சிலுப்பும். சம்மதம் கொடுத்துவிட்டது என்று சொல்லி வெட்டுவார்கள். இந்த நினைப்பு எனக்கு அன்றைக்கு வரவில்லை. வந்து என்ன பிரயோஜனம், அந்தச் சமயத்தில் வந்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் தரகர் உங்களுக்குக் கண்ணாடிக்குக் கீழே இருந்த வட்ட மீட்டரைக் காட்டினார். அதில் ஒரு முள், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. "இஞ்சின் சூடானா இந்த முள்ளு ஏறும். செவப்புக்குப் போச்சின்னா நிறுத்தித் தண்ணி காட்டுங்க. இது ஒண்ணத்த பாத்துக்கினா போதும்" என்றார். அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டீர்கள். சாலையைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்து ஓட்டினீர்கள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் புறங்கையை பானெட்டின் மேல் வைத்துப் பார்ப்பீர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "ஜுரம் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை மகாபலிபுரம் கடைத்தெரு, எப்போதாவது கோவளம், அவ்வளவுதான் அந்த வண்டி ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்புத் தண்ணீர் குறைந்திருக்கும். "நெறையத் தண்ணி குடிக்கிது. நல்ல மாடுன்னா அப்படித்தான்" என்று பெருமைப்பட்டீர்கள். பூங்காவனத்துக்கு அந்த மஞ்சள் மணம் பிடித்துப்போயிற்று. வளைகாப்பு முடிந்து வந்தவள் தினமும் கொட்டகையில் போய் நிற்பாள். "கல்யாண வூட்ல குந்திக்கினு இருக்கிற மாதிரி கீது நைனா" என்பாள். சோறு பிடிக்காதவளுக்கு வண்டி வாசனை பிடிக்கிறதா என்று நான் திட்டுவேன்.

வலி எடுத்தது கத்திரி வெயிலில். விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆரம்பித்தது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவள் கையை எடுத்துவிட்டாள். "கொயந்த குறுக்கால கீது. எங்கையில ஆவாது. செங்கல்பட்டுக்கு எடுத்துகினு போங்க" என்றாள். நீங்கள் பதறவில்லை. இந்த நாளுக்காகத்தானே வண்டி வாங்கினீர்கள்? குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டீர்கள். ரேடியேட்டரை வழிய வழிய நிரப்பினீர்கள். பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. கிளம்பும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நைனா, மெதுவா ஓட்டு. ஆனா சீக்கிரம் போ." அந்த வலியிலும் நம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

வாங்கி வந்த அன்றுகூட வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் காட்டித்தான் வந்தோம். அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் அந்த வண்டி அதற்குமுன் ஓடியதில்லை. திருக்கழுக்குன்றத்து மலை தொலைவில் தெரிய ஆரம்பித்தபோது மஞ்சள் வாசனை கனத்து, தொண்டையைக் கமறியது. "முள்ளு ஏறுது" என்றீர்கள். கொஞ்ச தூரம் போய், "செவப்பாண்ட வந்துடுச்சி, நிறுத்தித் தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டீர்கள். அப்போது அவள் கத்திக்கொண்டிருந்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என் கையைப் பிறாண்டிக்கொண்டு கத்தினாள். நான் பதில் சொல்லுமுன், நீங்களே, "இரு, இரு" என்றீர்கள்.

முள் இறங்க ஆரம்பித்திருந்தது.

"எறங்குது மே! தானா எறங்குது!" என்று கத்தினீர்கள். உங்கள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. அதே சமயத்தில் என் மடியிலும் சத்தம் அடங்கிப்போயிற்று. அவள் கை தளர்ந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போய், சின்ன வயசில் தூங்குவாளே, அப்படிக் கிடந்தாள். "இவளும் அடங்கிட்டா. வலி வுட்டுடுச்சி. தூங்குறா" என்று நான் சொன்னேன். "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றீர்கள். நீங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது. நம் ஆயுசில் நாம் கடைசியாக நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான்.

மலையடிவாரத்துக்கு வந்ததும் வண்டிக்குள்ளிருந்து தடதடவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரே உதறலாக உதறிவிட்டு நின்றுபோயிற்று. புகைகூட வரவில்லை. கருகின மஞ்சள் நாற்றம்தான் வந்தது. நீங்கள் குதித்து இறங்கி, கை சுடச்சுட மூடியைத் திறந்து குடத்தைக் கவிழ்த்தீர்கள். உள்ளே எங்கோ படீரென்று வெடித்தது. மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற நேரம். சாலையெல்லாம் ஜனம். அத்தனை பேரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாராவது வாங்களேன்! ஒரு வண்டி குடுங்களேன்!" என்று நீங்கள் கத்தியது அவர்கள் காதில் விழவில்லை. "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று கழுகைக் காட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மலையை நான் இன்றுவரை கும்பிடுவதில்லை.

உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர்தான் நிறுத்தினார். அவளைத் தூக்கி முன்சீட்டில் கிடத்தினோம். அப்போதும் அவள் கண் திறக்கவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் எப்படிச் சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, வியர்வை ஆறுகிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். உயிரோடு இருந்தது, இப்போதும் இருக்கிறது. டாக்டரம்மா வெளியே வந்து, "வலி எப்போ நின்னுச்சி?" என்று மட்டும் கேட்டார். மலை தெரிகிறபோது என்றேன். உள்ளே கர்ப்பப்பை கிழிந்ததால்தான் வலி நின்றது, ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் வாசலில் லாரிக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தீர்கள். அவர் பாவம், உள்ளே நடந்தது தெரியாமல், ஆறுதலாக ஏதாவது பேசவேண்டும் என்று வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ரேடியேட்டரு ஓட்டைங்க. எவனோ மஞ்சத்தூளக் கொட்டி அடைச்சி உங்க தலையில கட்டிக்கிறான். கிட்ட ஓட்டுனா தாங்கும். தொலவு ஓட்டுனா கரைஞ்சி வுட்டுடும்." நீங்கள், "முள்ளு எறங்குச்சே?" என்று கேட்டீர்கள். "தண்ணி பூரா போயிட்டா அப்படித்தான் எறங்கும். தண்ணியில முங்கிக்கினு இருந்தாதான் அதுக்குச் சூடு தெரியும். முள்ளு தானா எறங்குச்சின்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்" என்றார். நான் அப்போதுதான் உங்களிடம் சேதி சொல்ல வந்து நின்றேன். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. என் முகத்தைப் பார்த்தீர்கள், "எறங்கிடுச்சா?" என்றீர்கள்.

காரை மாடு கட்டி இழுத்துவந்து கொட்டகையில் தள்ளினார்கள். தரகரைத் தேடிக்கொண்டு போனீர்கள், நான் தடுக்கவில்லை. திரும்பி வந்து, "ஓனரு சொன்னததான் சொன்னேன்றான். அவனுக்கும் ஒரு பொண்ணு கீது மே" என்றீர்கள். மாப்பிள்ளை வருஷம் திரும்புமுன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை நம்மிடமே நின்றுவிட்டாள். அஞ்சலை என்று பேர் வைத்தோம்.

தரகரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அடுப்பங்கரையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துக் கால்வாயில் போட்டீர்கள். குழம்பு வெள்ளையாகக் கொதித்தது. மீன் கவிச்சி போகவில்லை. நான் முகத்துக்கு மஞ்சள் பூசுவதை நிறுத்தினேன். சுமங்கலி வீட்டில் மஞ்சள் இல்லையா என்று சொந்தக்காரர்கள் வாசலோடு போனார்கள், எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உங்கள் மேலும் வந்தது. துக்கம் உங்களுக்கு மட்டும்தானா, பெற்றவள் நானில்லையா என்று ஒருநாள் தட்டைத் தூக்கிப் போட்டேன். நீங்கள் சிதறிய சோற்றைப் பொறுக்கிக்கொண்டே, "அந்த வாசன வந்தா எனக்குச் சந்தோசமா கீது மே. முள்ளு எறங்குச்சே, அந்தச் சந்தோசம் வந்துடுது. அத என்னால தாங்க முடியல" என்றீர்கள். அதற்கப்புறம் நான் மஞ்சள் கேட்டதில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எல்லா வீட்டிலும் சூடு ஏறுகிறதே என்று பயப்படுவார்கள். நீங்கள் அஞ்சலைக்குச் சூடு இறங்கினால்தான் பயப்படுவீர்கள். கஷாயம் கொடுத்து, வியர்த்து, உடம்பு ஆறி, குழந்தை அசந்து தூங்கப் போகும்போது போய் உலுக்குவீர்கள். "பேசு மே, தாத்தாகிட்ட எதுனா பேசு" என்பீர்கள். அவள் அழுதுகொண்டே பேசுவாள். நல்லா இருக்கிறபோது அவளைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவீர்கள். அவளுடைய புறங்கையைப் பிடித்து அந்தச் செத்த வண்டியின் மேல் வைத்து, "ஜுரம் கீதா பாரு" என்பீர்கள். "இல்ல தாத்தா. சில்லுனு கீது" என்பாள். "அப்ப சரி" என்பீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. நான் அதைப் பார்க்க மாட்டேன், வேறு வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது தணலாகக் கொதித்தீர்கள். ஒருநாள் மத்தியானம் சூடு மளமளவென்று குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "எறங்கிடுச்சி, இனிமே பயமில்ல, பொழச்சிக்கினாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினீர்கள். கிட்டே குனிந்தேன். "முள்ளு எறங்குது மே" என்றீர்கள். பயமில்லாமல்தான் சொன்னீர்கள். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. "பேசுங்க, எதுனா பேசுங்க" என்று உலுக்கினேன். நீங்கள் பேசவில்லை.

பத்தாம் நாள் எனக்குக் கடைசியாகப் பூசுவதற்கென்று தட்டில் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து நம் வீட்டு வாசற்படி ஏறிய மஞ்சள். எனக்குப் பூசி, பிறகு என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதற்கு. தட்டைத் தள்ளிவிட்டேன். ஊரே பேசிற்று, பேசட்டும்.

செய்யூர்க்காரரிடம் நேற்று சொல்லிவிட்டேன். "அது பூஜ இல்லிங்க, ஓட்டைய அடைச்ச மஞ்சத்தூளு. இந்த வண்டி வேணாம். எந்த வண்டி வாங்கினாலும் முள்ளு ஏறினா நிறுத்துங்க. தானா எறங்குச்சின்னா உடனே நிறுத்துங்க. பின்னால குந்தியிருக்கிறவங்களத் திரும்பிப் பாருங்க" என்றேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். மூடியை மெதுவாக மூடிவிட்டு, வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று போய்விட்டார். வர மாட்டார். மகள் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று காலை, அழுகிற கும்பலை விலக்கிக்கொண்டு அஞ்சலை வந்தாள். யாரும் தடுக்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே புறங்கையை உங்கள் நெற்றியில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாத்தாவுக்கு ஜுரம் போயிடுச்சி ஆயா. சில்லுனு கீது" என்றாள். நான் "அப்ப சரி" என்று சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். வேறென்ன சொல்வது?

அதிலிருந்து அவள் என் பக்கத்தில் படுக்கும்போதெல்லாம் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போகிறது. லேசாகச் சுட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது.